நாற்பத்தேழு சாட்சிகள்

அத்தியாயம் 6

"ஏறுங்க மேடம், ஏறுங்க. மேல இடம் நிறைய இருக்கு" என்றார் கண்டக்டர், மூன்றாவது மாடிப் படியில் நின்று மூச்சு வாங்கியபடி.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியின் அலுவலகம் நான்காவது மாடியில் இருந்தது. கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. கீழே வாட்ச்மேனிடம் கேட்டதற்கு, "இது இவங்க லிஃப்ட் இல்லைங்க. கட்டட ஓனர் விலை கம்மின்னு வேற கம்பெனியில போட்டுட்டாரு. இவங்க தொட மாட்டாங்க. கௌரவப் பிரச்சினை" என்றிருந்தான்.

கண்டக்டர் நிஜமாகவே பத்தொன்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போது துப்பறியும் உதவியாளர். இரண்டும் ஒரே வேலைதான், டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க வேண்டும், சில்லறை கிடைக்காது என்பார்.

அவருக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவளுக்கு வயது இருபத்தொன்பது. கம்ப்யூட்டர் கணக்குகளுக்குள் புகுந்து திருட்டைக் கண்டுபிடிப்பது தொழில். யார் எதைச் சொன்னாலும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்துவிடுவாள் என்பதால் 'அட்டவணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். அவள் அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டாள். பெயர் வைத்தவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மணி பதினொன்றே முக்கால். நாலு மணிக்கு ஒரு பெண் கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் தங்கை இந்தக் கம்பெனியில் பில் கிளார்க். முந்தாநாள் எல்லோர் முன்னாலும் அவளைத் திருடி என்று சொல்லியிருக்கிறார்கள். 'பணத்தைக் கையாடியது நானே, வேலையை விடுகிறேன்' என்று ஒரு தாளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். இன்று நாலு மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் போலீஸ். போட்டுவிட்டால் இனி எந்தக் கம்பெனியும் அவளைக் கணக்குப் புத்தகம் பக்கம் விடாது. அப்பா மூட்டை தூக்கி, அக்கா எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மெஷின் மிதித்து, அந்த வீடு மொத்தமும் சேர்ந்து வாங்கிய ஒரே ஒரு பி.காம் அது.

அட்டவணைக்கு அந்த மாதிரி வீடு தெரியும். அதனால் ஃபீஸ் எவ்வளவு என்று சொல்ல மறந்துவிட்டாள். மறந்ததைக் கண்டக்டர் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். இரண்டு முறையும் மறந்தாள்.

அலுவலக வாசலில் 'காகிதமில்லா அலுவலகம்' என்று ஒரு காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தது.

உள்ளே அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் மேஜை அறுவைச் சிகிச்சைக்குத் தயாரானதுபோல் இருந்தது. பேனாக்கள் உயரவாரியாக. சாவிகள் ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாக, ஒன்றுகூட விட்டுப்போகாமல். மேனேஜருக்கு ஐம்பத்தைந்து வயது. சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல்.

சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பில் கிளார்க். அவளுடைய மேஜை இரண்டடி தள்ளித்தான் இருந்தது, ஆனால் அங்கே உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஹாலில் இருபத்தோரு பேர் வேலை செய்தார்கள். இருபத்தோரு பேரும் அவள் பக்கம் திரும்பாமல் இருக்கக் கஷ்டப்பட்டு வேலை செய்தார்கள்.

"துப்பறியறதுக்கு இதுல என்னம்மா இருக்கு?" என்றார் மேனேஜர். "எல்லாம் பேப்பர்லயே இருக்கு."

ஒரு கட்டு வவுச்சரை நகர்த்தினார். பணம் கொடுத்ததற்கான சீட்டுகள், மொத்தம் நாற்பத்தேழு. ஒவ்வொன்றிலும் தேதி, தொகை, சப்ளையர் எண் 118. சப்ளையர் பெயர் இருந்த இடத்தில் அந்த அக்காவின் தையலகம். விலாசம், புதுக் காம்ப்ளெக்ஸ், கடை எண் 9. வாங்கிய பொருள், லிஃப்டுக்கான இரும்புக் கயிறு, பன்னிரண்டு மில்லிமீட்டர்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "தையல் கடையில இரும்புக் கயிறா?"

"நீங்களே கேக்குறீங்க பாருங்க."

"இல்ல சார், இருக்கலாம். நூல்தானே. கொஞ்சம் தடிச்ச நூல்."

மேனேஜர் சிரிக்கவில்லை. "ஆடிட்டர் ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு வந்து, கயிறு வாங்கின வவுச்சரெல்லாம் பிரிண்ட் போட்டுக் குடுங்கன்னா. குடுத்தேன். அதுவும் இதையேதான் கேட்டுச்சு. முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு அப்படி ஒரு அவமானம் நடந்ததில்ல."

"கயிறு வந்துச்சா சார்?" என்றாள் அட்டவணை. தாளில் முதல் கட்டம் போட்டாயிற்று.

"வந்துச்சு. ஸ்டோர்ல கையெழுத்து இருக்கு. லிஃப்ட்ல மாட்டியும் ஆச்சு."

"யார் கொண்டுவந்து குடுத்தா?"

"ஒரு மீசைக்காரர் வருவாரு. அவரு கடையை மூடிட்டு மக வீட்டோட வெளிநாடு போயிட்டாரு."

"அப்ப பில்லு அவர் பேர்லதானே இருக்கணும்?"

"கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு ஆளே இல்லம்மா. நானே தேடிட்டேன். சரக்கு குடுத்தது அவரு. பணம் போனது இவ அக்காவுக்கு."

"பணமே வாங்காம ஒரு மனுஷன் நாப்பத்தேழு தடவை கயிறு குடுப்பாரா?"

மேனேஜர் ஒரு நொடி யோசித்தார். "கூட்டு. பங்கு போட்டிருப்பாங்க."

ஓட்டை எங்கே தெரிந்தாலும் அந்தப் பெண்ணைக் கொண்டு அடைத்துவிட முடிந்தது. அட்டவணை அதையும் எழுதிக்கொண்டாள்.

"பேங்க்ல கேட்டீங்களா, எந்தக் கணக்குக்குப் போச்சுன்னு?"

"எழுதிப் போட்டிருக்கோம். பத்து வேலைநாள் ஆகும்னாங்க."

"பத்து நாள்ல தெரிஞ்சிடும்னா, இன்னைக்கு நாலு மணி எதுக்கு சார்?"

"முதலாளியம்மா இன்னைக்கு ராத்திரி வெளியூர் போறாங்க."

அவர் அதைக் காரணமாகவே சொன்னார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை இன்னொருத்தியின் பயணத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அட்டவணையின் பேனா தாளைக் கிழித்தது. வேறு தாள் எடுத்தாள்.

"118-ன்னு இவங்க அக்கா பேரை ஏத்தினது யாரு?"

"இவதான். இவ லாகின்லதான் ஏறியிருக்கு. இவளே ஒத்துக்கிறா."

சுவரோரத்திலிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது. "ஒரே ஒரு தடவை மேடம். மெக்கானிக்குங்களுக்கு நாப்பது சட்டை தைச்சுக் குடுத்துச்சு எங்கக்கா. முதலாளியம்மாகிட்ட கேட்டுட்டுதான் குடுத்தேன். அதுக்காகத்தான் பேரை ஏத்தினேன். நம்பரை நான் போடல, கம்ப்யூட்டரே குடுத்துச்சு. சட்டைக்கு ஒரு வவுச்சர் இருக்கும். மத்ததெல்லாம் என்னன்னே தெரியல."

"தெரியாதாம்" என்றார் மேனேஜர், ஸ்கேலைச் சரிசெய்தபடி.

அட்டவணை கட்டிலிருந்து இரண்டு தாள்களை உருவினாள். ஒன்று இரண்டு வருடத்துக்கு முந்தையது. மற்றொன்று ஐந்து மாதத்துக்கு முந்தையது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விலாசத்தில் எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் இல்லை.

"இது ரெண்டையும் எடுத்துக்கிறேன்" என்றாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நான் திரும்பி வர்ற வரைக்கும் பேனாவைத் தொடாத. தண்ணி குடிச்சியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. கண்டக்டர் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார். இருபத்தோரு பேரில் ஒருவரும் இரண்டு நாளாகச் செய்யாத காரியம் அது.

புதுக் காம்ப்ளெக்ஸில் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. கண்ணாடிக் கதவுகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பாதிப் பேர் இன்னும் உரிக்கவில்லை. வாசலில் பதித்திருந்த கல்லில், கட்டடத்தைத் திறந்துவைத்த தேதி பொன்னிறத்தில் இருந்தது.

கண்டக்டர் வவுச்சரைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கல்லுல நாலு மாசம். பேப்பர்ல ரெண்டு வருஷம். ஒண்ணு கல்லு பொய் சொல்லுது, இல்ல பேப்பர் பொய் சொல்லுது. எனக்குக் கல்லு மேலதான் மரியாதை. கல்லை பிரிண்ட் போட முடியாது."

எதிரில் நடைபாதையில் சாவி செய்பவர் ஒருவர் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல. பள்ளம்" என்றார் அவர். "பள்ளத்துல யாராவது இரும்புக் கயிறு வித்தாங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். அவர் குனிந்து அடுத்த சாவியை அரத்தால் தேய்க்க ஆரம்பித்தார்.

ஒன்பதாம் எண் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்கார அக்கா அவர்களைப் பார்த்ததும் காலை எடுத்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டாளா?"

"இல்ல. நீங்க இந்தக் கடைக்கு எப்ப வந்தீங்க?"

"கட்டடம் திறந்து ஒரு மாசத்துல. மூணு மாசமாச்சு. அதுக்கு முன்னாடி வீட்டுலதான் தைச்சேன், கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல."

"கம்பெனியிலேருந்து எத்தனை தடவை பணம் வந்துச்சு?"

அவள் துணிக்கடியிலிருந்து பாஸ்புக்கை எடுத்தாள். கடைக்காகப் புதிதாகத் தொடங்கிய கணக்கு. கம்பெனியிலிருந்து ஒரே ஒரு வரவு. "இதை அந்த ஆளுகிட்ட காட்டினேன். இன்னொரு கணக்கு வச்சிருக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்ங்கிறாரு. இல்லாத கணக்கை நான் எப்படிம்மா இல்லைன்னு காட்டுறது?"

அட்டவணைக்குக் கோபம் வந்தது. அது அந்த அக்காவுக்கு உபயோகப்படாது என்பதால் பாஸ்புக்கின் அந்த ஒரு வரியைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

"போலீஸ்காரங்க கூட்டிட்டுப் போனா..." என்று ஆரம்பித்த அக்கா முடிக்காமல் கத்தரிக்கோலை எடுத்து, வெட்ட வேண்டாத இடத்தில் வெட்டினாள்.

வெளியே வந்ததும் கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார். "மேனேஜர்தான் மேடம். மூஞ்சியே டிக்கெட் எடுக்காத மூஞ்சி."

"மூஞ்சியைப் பாத்துத்தான்ணே அவங்களும் அந்தப் பொண்ணைத் திருடின்னாங்க."

"சரி, மூஞ்சியை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா பள்ளத்து விலாசம் பழைய வவுச்சர்ல எப்படி வந்துச்சு?"

அவள் சுவரில் தாளை வைத்து இரண்டு கட்டம் போட்டாள்.

"அந்த ஆபீஸ்ல வவுச்சரைக் காகிதமா வைக்கிறதில்ல. கேக்கும்போது கம்ப்யூட்டர் புதுசா எழுதித் தருது. இந்தக் கட்டத்துல பணம் குடுத்த விவரம். தேதி, தொகை, பொருள், சப்ளையர் நம்பர். அவ்வளவுதான். பேரும் விலாசமும் இங்க கிடையாது. அது இந்த ரெண்டாவது கட்டத்துல, ஆளுக்கு ஒரு வரி. பிரிண்ட் கேட்டா, முதல் கட்டத்துல நம்பரைப் பாக்கும். ரெண்டாவதுல அந்த நம்பருக்கு இன்னைக்கு என்ன பேரு, என்ன விலாசம் இருக்கோ அதை எடுத்து ஒட்டிக் குடுத்துடும்."

"அப்ப நாப்பத்தேழு பேப்பரு..."

"நாப்பத்தேழு சாட்சி இல்லண்ணே. ரெண்டாவது கட்டத்துல இருக்கிற ஒரு வரி. அதையே நாப்பத்தேழு தடவை கேட்டிருக்காங்க."

"அந்த வரியில எவனோ கை வச்சிருக்கான்."

"அதைத்தான் கேக்கப் போறோம்."

அந்தக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்த புரோகிராமர் ஒரு போட்டோகாப்பி கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தார். இவர்கள் யார் என்று சொன்னதும் அவர் பேசிய முதல் வாக்கியம், "நான் எதுவும் பண்ணல."

"இது நல்ல ஆரம்பம்" என்றார் கண்டக்டர்.

"118-ம் நம்பர் சப்ளையரோட பேரை மாத்தினது யாரு? எப்ப?" என்றாள் அட்டவணை.

அவர் தேடினார். உதட்டைப் பிதுக்கினார். "யாரும் மாத்தல. ஏத்தின நாள்லேருந்து அதே பேரு, அதே விலாசம். தொடவே இல்ல."

"சரியா பாருங்க."

"நீங்களே பாருங்க. வரி உருவான தேதி இங்க இருக்கு. ஆபீஸ் ஸ்க்ரீன்ல இது தெரியாது."

மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. பில் கிளார்க் சொன்னது அப்படியே சரி.

திருத்தியவனைத் தேடி வந்தார்கள். திருத்தமே நடக்கவில்லை. அட்டவணை நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி ஒன்றரை.

"இந்த ஆளு ஏறினது மூணு மாசம் முன்னாடி" என்றாள் மெதுவாக. "இதே ஆளுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பணம் போயிருக்கு. பிறக்கிறதுக்கு முன்னாடியே."

"குழந்தைக்கு அரை டிக்கெட்டுதான் மேடம். பிறக்காத குழந்தைக்கு டிக்கெட்டே கிடையாது" என்றார் கண்டக்டர். அவருக்குப் போரடித்தது. போரடித்தால் டிப்போ கதைகள் வரும். "எங்க டிப்போவுல பன்னெண்டாம் நம்பர் வண்டியை நிறுத்திட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு அதே நம்பரைத் தூக்கி வேற ரூட்டுக்குக் குடுத்துட்டாங்க. ஒரு பெரியவரு பழைய டிக்கெட்டை வச்சுக்கிட்டு, நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொல்றாரு. நம்ம ஆபீசரு, பன்னெண்டு சுடுகாட்டுக்குப் போற வண்டி, பொய் சொல்லாதீங்கன்னு அவரைத் திட்டுறாரு..."

அட்டவணை திரும்பி புரோகிராமரைப் பார்த்தாள். அவர் காது சிவந்துகொண்டிருந்தது.

"காலி நம்பரைத் திரும்பக் குடுக்குறீங்களா?" என்றாள்.

"நானா குடுக்கல."

"கேட்டதுக்குப் பதில்."

"அவருதான் கேட்டாரு. மேனேஜர் சார். மெயில் இருக்கு."

இரண்டு மெயில்கள் இருந்தன, இரண்டும் ஒன்றரை வருடம் பழையவை. தெளிவான, பிழையில்லாத தமிழ்.

முதலாவது: 'மூடிப்போன கடைகளின் பெயர்களைப் பட்டியலிலிருந்து அழிக்க முயன்றால் கணினி மறுக்கிறது. இக்குறையை உடனே சரிசெய்யவும்.'

"அது குறை இல்ல, பூட்டு" என்றார் புரோகிராமர். "ஒரு சப்ளையர் பேர்ல பணம் குடுத்த கணக்கு இருந்தா அவரை அழிக்க விடாது. அழிச்சா அந்தக் கணக்கெல்லாம் அனாதை ஆயிடும்ல? சொல்லிப் பாத்தேன். கழட்டுன்னாரு."

"கழட்டினீங்க."

"கழட்டினேன். பில் போட்டேன். பாஸ் பண்ணிட்டாரு."

இரண்டாவது: 'பெயர்கள் நீக்கப்பட்டதால் பட்டியலில் எண்கள் விடுபட்டுத் தெரிகின்றன. கணக்கில் எண் விடுபடுவது ஒழுங்கீனம். விடுபட்ட எண்களைப் புதிதாக வருவோருக்கு வழங்கவும்.'

அட்டவணை அதை இரண்டு முறை படித்தாள். கணக்குத் தெரிந்த யாரும் இப்படித்தான் கேட்பார்கள். வவுச்சர் எண்ணில் ஒன்று விட்டுப்போனால் எங்கேயோ ஒரு தாள் காணாமல்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆடிட்டர் முதலில் அதைத்தான் தேடுவார். முப்பது வருடம் அந்த மனிதர் ஒரு எண்ணைக்கூட விட்டதில்லை. தாளுக்கு உள்ள சட்டத்தை ஆளுக்கும் போட்டுவிட்டார். மீசைக்காரர் கடையை மூடினார், மேனேஜர் அவர் பெயரை மற்ற மூடிய கடைகளோடு சேர்த்து அழித்துவிட்டு மறந்தும்போனார், காலியான 118 தையல்கார அக்காவுக்குப் போனது. மீசைக்காரரின் நாற்பத்தேழு கயிறுகளும் கூடவே போயின.

"பழைய காப்பி வச்சிருக்கீங்களா?"

"போன வருஷ பேக்கப் இருக்கு."

திறந்தார். 118. ஒரு இரும்புக் கயிறுக் கடை. மீசைக்காரரின் பெயர். அவருடைய பேங்க் கணக்கு எண்.

"அப்ப திருடனே கிடையாதா?" என்றார் கண்டக்டர். நிஜமாகவே வருத்தப்பட்டார். "நாலு மாடி ஏறினேனே மேடம்."

"இன்னும் ஒரு தடவை ஏறணும்ணே." அவள் புரோகிராமர் பக்கம் திரும்பினாள். "ஒரு கேள்வி கேட்டுச் சொல்லுங்க உங்க மெஷின்கிட்ட. பேரு ஏறின தேதிக்கு முன்னாடியே பணம் வாங்கினவங்க யார் யாரு? எல்லாரையும்."

ஐந்து எண்கள் வந்தன. அட்டவணை இரண்டாவது வரியில் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

புரோகிராமர் சொன்னார். கண்டக்டரின் வருத்தம் அந்த நிமிடமே தீர்ந்தது.

மூன்றரை மணிக்கு முதலாளியம்மா வந்து உட்கார்ந்திருந்தார். சூட்கேஸ் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பெண்ணின் முன்னால் தாளும் பேனாவும் நேர்கோட்டில் வைக்கப்பட்டிருந்தன. பேனாவை அவள் தொட்டிருக்கவில்லை.

அட்டவணை பேக்கப்பிலிருந்து எடுத்த தாளை வைத்தாள். கட்டட வாசல் கல்லின் போட்டோவை வைத்தாள். நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதெல்லாம் டெக்னிக்கலா இருக்கு. பேக்கப்ல யாரு வேணா எதை வேணா எழுதிட்டு வரலாம். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்மா. நம்ம சிஸ்டத்துலேருந்து வந்த பேப்பர் பொய் சொல்லாது."

"சரி சார். பேப்பரையே நம்புவோம். 31-ம் நம்பர் சப்ளையரோட வவுச்சரெல்லாம் பிரிண்ட் போடுங்க. உங்க கையாலயே."

அவர் எண்ணைத் தட்டினார். பிரிண்டர் கனைத்துவிட்டு ஆரம்பித்தது. முதல் தாளை அவரே எடுத்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி.

"சத்தமா படிங்க சார்" என்றார் கண்டக்டர்.

"லிஃப்ட் மோட்டார்... இரண்டு. சப்ளையர்..." அவர் நிறுத்தினார்.

முதலாளியம்மா கையை நீட்டித் தாளை வாங்கினார். "உங்க மச்சானோட தண்ணி கேன் கடைதானே இது? நமக்குக் கேன் போடுறாரே, அவரு?"

"ஆமாங்கம்மா."

"மோட்டார் எப்ப வித்தாரு?"

"விக்கல."

"கேனுக்குள்ள வச்சுக் குடுத்திருப்பாரு போல" என்றார் கண்டக்டர். "அதான் தண்ணியில லேசா ஆயில் வாடை."

பிரிண்டர் இரண்டாவது தாளைத் தள்ளியது. மூன்றாவது. மோட்டார், மோட்டார், மோட்டார் பேரிங்.

"அம்மா, இது தப்பு" என்றார் மேனேஜர். அவர் குரல் உயர்ந்தது. ஹாலில் இருபத்தோரு பேரும் திரும்பினார்கள். "என் மச்சான் கடை ஆரம்பிச்சதே போன வருஷம்தான்! ஆறு வருஷம் முன்னாடி அவன் எப்படிம்மா பணம் வாங்கியிருக்க முடியும்? அப்ப அப்படி ஒரு கடையே கிடையாது! உங்களுக்கே தெரியும்!"

தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். அவர் சுவரோர நாற்காலியைப் பார்த்தார். முந்தாநாளிலிருந்து முதல்முறையாக.

"மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு வவுச்சர் சார்" என்றாள் அட்டவணை. "அந்தப் பொண்ணுக்கு நாப்பத்தேழுதான். பேங்க்ல பதில் வர பத்து நாள் ஆகும். முதலாளியம்மா இன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போறாங்க. உங்களுக்கு நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"அந்த மெஷினை நிறுத்துங்க" என்றார் முதலாளியம்மா.

மேனேஜர் எந்தெந்தப் பொத்தானையோ அழுத்தினார். அது கேட்கவில்லை. கடைசியில் கண்டக்டர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அட்டவணை அந்த இரண்டு மெயில்களையும் முதலாளியம்மா முன்னால் வைத்தாள். "திருட்டு இல்லம்மா. சுத்தம். ரொம்பச் சுத்தம். ஒருத்தருக்குக் குடுத்த நம்பரை அவரு செத்தாலும் இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. கடை மூடினா 'மூடியது'ன்னு எழுதணும், அழிக்கக் கூடாது. பணம் குடுக்கிற அன்னைக்கு இருந்த பேரையும் விலாசத்தையும் பணக் கணக்கு கூடவே எழுதி வைக்கணும். உங்க புரோகிராமருக்கு இது தெரியும். பில் பாஸ் ஆனதால மறந்துட்டாரு."

"முப்பது வருஷத்துல ஒரு நம்பர் விட்டதில்லம்மா நான்" என்றார் மேனேஜர். அவர் வாதாடவில்லை. வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

முதலாளியம்மா மெயில்களைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "சரிம்மா. ஏதோ தப்பு நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடு."

அவ்வளவுதான் என்று நினைத்துச் சூட்கேஸைத் தொட்டார்.

பில் கிளார்க் எழுந்தாள். இரண்டு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுதிக் குடுங்கம்மா" என்றாள்.

"என்னத்தை?"

"நான் திருடலைன்னு."

முதலாளியம்மா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினார். அவள் படித்தாள்.

"'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்'னு போட்டிருக்கீங்க சார். சிரமம்னு யாரும் என்னைக் கூப்பிடல. நீங்க திருடின்னு கூப்பிட்டீங்க. அந்த வார்த்தையை எழுதுங்க."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அட்டவணை அவர் காலை மிதித்தாள். இது அவர்கள் பேச வேண்டிய இடம் இல்லை.

மேனேஜர் இரண்டாவது தாள் எடுத்தார். இந்த முறை மார்ஜின் போட மறந்தார். எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். முதலாளியம்மாவும் போட்டார். அவள் வாங்கி வரிவரியாகப் படித்தாள். மடிக்கவில்லை. திரும்ப அவரிடமே நீட்டினாள்.

"இங்க இருபத்தோரு பேர் முன்னாடி நின்னு சொன்னீங்க சார். இதையும் அங்க நின்னு படிங்க."

அவர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா சூட்கேஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "போங்க" என்றார்.

மேனேஜர் ஹாலின் நடுவுக்குப் போனார். விசைப்பலகைகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். 'இந்நிறுவனத்தின் பில் கிளார்க்கை' என்று தொடங்கிய வரை குரல் சரியாகத்தான் இருந்தது. அந்த வார்த்தை வந்த இடத்தில் தொண்டைக்குள் போய்விட்டது.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல சார்" என்றாள் அவள்.

மேனேஜர் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.